போதுமானது

27 மார்ச் 2020

இன்றிலிருந்து எனக்குப் புதுப் பொறுப்பு. எங்கள் ஊர் அரசு மருத்துவமனையின் தொற்றுத் தடுப்புச் செவிலியர். பத்தொன்பது வருடமாக வார்டில் ஊசி போட்டுக்கொண்டிருந்தவளை மாவட்டத் தலைநகருக்கு ஒரு நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். கவச உடையை எப்படி மாட்டுவது, எப்படிக் கழற்றுவது, கையை எத்தனை நொடி தேய்ப்பது என்று சொல்லிக்கொடுத்தார்கள். திரும்பி வந்ததும் கண்காணிப்பாளர் டாக்டர் குமரகுருபரன் ஒரு சாவியைக் கையில் கொடுத்தார். கவசங்கள் வைத்திருக்கும் இரும்பு பீரோவின் சாவி.

"ஹெப்சிபா சிஸ்டர், நீங்க ஒரு பொய் சொன்னதா இந்த ஆஸ்பத்திரில யாரும் சொன்னதில்ல. அதனாலதான் உங்ககிட்ட" என்றார்.

பயிற்சியில் ஒரு பெரிய டாக்டர், தினமும் குறிப்பு எழுதி வைக்கச் சொன்னார். மருந்துக் கம்பெனிக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி சும்மாதான் கிடந்தது. எடுத்துவிட்டேன்.

பள்ளிக்கூடம் மூடிவிட்டதால் என் கணவர் சாம்ராஜ் வீட்டில். பருப்பை அடிப்பிடிக்க விட்டு, அதை எனக்குத் தெரியாமல் கொட்ட வாளியைத் தேடிக்கொண்டிருந்தார். கணக்கு வாத்தியார்.

4 ஏப்ரல்

சுற்றறிக்கை வந்தது. மூன்று பக்கம். எந்த வார்டில் யார் எந்த முகக்கவசம் அணிய வேண்டும் என்று அட்டவணை போட்டுத் தெளிவாக இருந்தது. எனக்கு அப்படி இருந்தால் பிடிக்கும்.

மதியம் கூட்ட அறையில் எல்லாரையும் தள்ளித் தள்ளி நிற்க வைத்து நானே வாசித்தேன். கொரோனா வார்டுக்கு என்-95 கவசமும் முழு உடையும். பிரசவ வார்டு உட்பட மற்ற எல்லா இடங்களுக்கும் மூன்றடுக்கு முகக்கவசம் போதுமானது.

வடிவு கையைத் தூக்கினாள். சண்முகவடிவு. நானும் அவளும் ஒரே வருடம் நர்சிங் படித்தவர்கள், விடுதியில் ஒரே அறை. பிரசவ வார்டில் அவள் கையில் விழுந்த பிள்ளைகளைச் சேர்த்தால் ஒரு சின்ன ஊரே வரும்.

"இத எழுதுனவங்க பிரசவம் பாத்திருக்காங்களா? புள்ளத்தாச்சி முக்கும்போது மூச்சு பூரா நம்ம மொகத்துலதான் அடிக்கும். ஒரு நிமிசம் ரெண்டு நிமிசம் இல்ல, மணிக்கணக்கா."

"ஏட்டி, பெரிய பெரிய டாக்டர்மாரு உக்காந்து யோசிச்சுத்தான் எழுதியிருப்பாங்க. இது எச்சில் துளியில வர்றது. அந்தத் துளிய மூணடுக்கு நிறுத்திரும்."

"நீ சொல்லுதியா, பேப்பர் சொல்லுதா?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

எல்லாரும் சிரித்தார்கள். வடிவும் சிரித்துவிட்டு, "சரி, ஹெப்சி சொன்னா சரி" என்று உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு யாரும் கேள்வி கேட்கவில்லை. மனசுக்கு நிறைவாக இருந்தது. பயந்து போயிருந்த முகங்கள் கொஞ்சம் தெளிந்ததைப் பார்த்தேன்.

19 ஏப்ரல்

கொல்லைப்புறத்தில் குளிக்கத் தட்டி கட்டியாயிற்று. வந்ததும் சேலையை வெந்நீரில் அமுக்கி, குளித்துவிட்டுத்தான் உள்ளே. சாம்ராஜ் முன்னறையில், நான் பின்னறையில். கதவுக்கு வெளியே ஸ்டூலில் சாப்பாட்டை வைத்துவிட்டுத் தட்டிவிட்டுப் போகிறார். இன்று ரசத்தில் உப்பு இல்லை. கதவு வழியாகச் சொன்னேன். கதவு வழியாகவே உப்பு டப்பா வந்தது.

பீரோ இருப்பு: என்-95 கவசம் 64. கொரோனா வார்டின் அன்றாடத் தேவைக்கு வாராவாரம் தனியாக வருகிறது; இவை அவசர இருப்பு, கொரோனா வார்டுக்கு மட்டும் என்று அட்டையில் எழுதி ஒட்டினேன்.

2 மே

கைத் தோல் உரிகிறது. தேங்காய் எண்ணெய்.

21 மே

வெளியூர்களில் வேலை பார்த்தவர்கள் லாரியிலும் நடந்தும் ஊர் திரும்புகிறார்கள். அவர்களில் கர்ப்பிணிகளும் உண்டு. பரிசோதனை முடிவு வர மூன்று நாள். பிரசவ வலி மூன்று நாள் காத்திருக்காது.

அவர்களுக்குப் பிரசவம் பார்ப்பவர்களுக்குத் தனிக் கவசம் உண்டா என்று மாவட்ட அலுவலகத்துக்கு ஃபோனில் கேட்டேன். "சர்க்குலர்ல என்ன இருக்கோ அதுதான் சிஸ்டர்" என்றார்கள். சுற்றறிக்கையை இன்னொரு முறை வாசித்தேன். தெளிவாகத்தான் இருக்கிறது.

9 ஜூன்

பத்தாம் வகுப்புப் பரீட்சையை ரத்து செய்துவிட்டார்கள். வடிவு மகள் பூரணி பத்தாவது. மதியம் வடிவு என் அறைக்கு வந்தாள். "எம்மவ அழுதுட்டு இருக்கா. எல்லாரும் பரீட்ச வேண்டாம்னு அழுவாங்க, இவ எழுதணும்னு அழுதா" என்றாள். சிரித்தோம்.

போகும்போது ஒரு என்-95 கேட்டாள். சென்னையிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு இன்றைக்கு வலி எடுத்திருக்கிறதாம், இருமல் இருக்கிறதாம். விதியை விளக்கினேன். சரி என்று போனாள்.

பீரோ மேல்தட்டில் தூசி. டெட்டால் போட்டுத் துடைத்தேன். சாயங்காலம் மாங்காய் வாங்கி வந்தார் சாம்ராஜ், ஊறுகாய்க்கு. நறுக்கும்போது விரலை வெட்டிக்கொண்டேன்.

13 ஜூன்

சென்னையிலிருந்து வந்த பெண்ணுக்குத் தொற்று உறுதி. குழந்தைக்கு இல்லை. நல்லபடியாக இருக்கிறது.

பிரசவம் பார்த்தவர்கள் இரண்டு பேர். வடிவு, அவளுக்கு உதவியாக ஒப்பந்தச் செவிலியர் ரஹ்மத் நிஷா. இருவருக்கும் நான் ஆபத்து மதிப்பீட்டுப் படிவம் நிரப்ப வேண்டும். கவசம் இல்லாமல் நோயாளியைத் தொட்டிருந்தால் அதிக ஆபத்து: பதினான்கு நாள் தனிமை, பரிசோதனை. பரிந்துரைக்கப்பட்ட கவசம் அணிந்திருந்தால் குறைந்த ஆபத்து: வேலையைத் தொடரலாம்.

அந்த வார்டுக்குப் பரிந்துரைக்கப்பட்டது மூன்றடுக்கு. அதைத்தான் இருவரும் அணிந்திருந்தார்கள். ஆகவே குறைந்த ஆபத்து.

வடிவு அதைப் பார்த்துவிட்டு, "ரெண்டு வாரம் லீவு கெடைக்கும்னு பாத்தேன். பூரணிகூட இருந்திருக்கலாம்" என்றாள். ரஹ்மத் நிஷாவுக்கு இருபத்து மூன்று வயது. படிவத்தில் நான் போட்ட டிக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

19 ஜூன்

வடிவுக்குக் காய்ச்சல். மாத்திரை போட்டுக்கொண்டு இரண்டு நாளாக டூட்டி பார்த்திருக்கிறாள். திட்டினேன். "கொறஞ்ச ஆபத்துன்னு நீதான எழுதின" என்றாள், சிரித்துக்கொண்டுதான். பரிசோதனைக்கு அனுப்பினேன்.

21 ஜூன்

வடிவுக்கு உறுதி. ரஹ்மத் நிஷாவுக்கும். நிஷாவுக்கு வாசனை மட்டும் தெரியவில்லை. இருவரையும் எங்கள் கொரோனா வார்டிலேயே சேர்த்தாயிற்று. வடிவு கணவர் ஆவுடையப்பன் பஸ் கண்டக்டர். அவரையும் பூரணியையும் பரிசோதித்தார்கள். இல்லை.

25 ஜூன்

முழு உடை மாட்டிக்கொண்டு வடிவைப் பார்க்கப் போனேன். என் மூச்சே கண்ணாடியில் படிந்து அவள் முகம் மங்கலாகத் தெரிந்தது. மூக்கில் ஆக்சிஜன் குழாய். சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள்.

"நல்லா விண்வெளிக்குப் போறவ மாதிரி இருக்க" என்றாள். ஒரு வாக்கியத்துக்கு மூன்று முறை மூச்சு வாங்கினாள்.

"பேசாத."

"பேசாம இருந்தா பயமா இருக்கு."

பூரணிக்குப் பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பாடப்பிரிவு எடுக்கலாம் என்று கேட்டாள். சாம்ராஜிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். நர்சிங் மட்டும் வேண்டாம் என்று சொல்லச் சொன்னாள். பிறகு, "ஹெப்சி, அந்த பீரோல எத்தன இருந்துச்சு?" என்றாள்.

கொஞ்சம்தான் இருந்தது என்றேன்.

"அப்ப சரி" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

27 ஜூன்

வடிவை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மாற்றினார்கள். ஆம்புலன்சில் ஏற்றும்போது கையை ஆட்டினாள். ஊறுகாயில் பூசணம் பூத்துவிட்டது. முழுவதையும் கொட்டினேன்.

4 ஜூலை

வடிவு போய்விட்டாள். காலை பத்தேகால்.

5 ஜூலை

பீரோவைத் திறந்து எண்ணினேன். 64. தப்பாக இருக்கும் என்று மறுபடி எண்ணினேன். 64.

7 ஜூலை

அன்றே தகனம் முடிந்துவிட்டதாம். உறையில் சுற்றி, நான்கு பேர். ஆவுடையப்பன் இருபதடி தள்ளி நின்றிருக்கிறார். பூரணியை வரவே விடவில்லை.

இன்று அவர்கள் வீட்டு வாசலில் நின்று பார்த்துவிட்டு வந்தேன். அவர் வெளியே வந்து படியில் உட்கார்ந்தார். நான் தெருவில் நின்றேன்.

"நீங்கதான் எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்தீங்கன்னு சொல்லுவா, சிஸ்டர். நான் பயந்து பயந்து கேப்பேன், இந்தத் துணி போதுமாட்டின்னு. ஹெப்சி சொல்லிருக்கா, போதும்னு சொல்லுவா."

 தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

16 ஜூலை

புதிய சுற்றறிக்கை. பிரசவ வார்டு, அறுவை அரங்கு, அவசரப் பிரிவு மூன்றுக்கும் இனி என்-95 கட்டாயம். "புதிய அறிவியல் தரவுகளின் அடிப்படையில்" என்று முதல் வரி.

கூட்ட அறையில் வாசித்தேன். ரஹ்மத் நிஷா வேலைக்குத் திரும்பிவிட்டாள். கடைசி வரிசையில் நின்றாள். இந்த முறை சந்தேகம் கேட்க யாரும் கையைத் தூக்கவில்லை.

வாசித்து முடித்ததும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்: புது நோய். யாருக்கும் தெரியாது. ஏப்ரலில் தெரிந்தது அவ்வளவுதான், ஜூலையில் தெரிவது இவ்வளவு. அவர்கள் வேண்டுமென்றே செய்யவில்லை. அறிவியல் என்பது திருத்திக்கொள்வதுதானே. இதைச் சாம்ராஜிடமும் சொன்னேன். அவர் கதவுக்கு அந்தப் பக்கம் ஸ்டூலில் தட்டை வைத்துவிட்டு, "சாப்பிடு" என்றார்.

30 ஜூலை

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

புதிய கவசங்களை வாங்க மாவட்டக் கிட்டங்கிக்கு, மருந்துப் பொருள் வைத்திருக்கும் கிடங்குக்கு, போனேன். எட்டுப் பெட்டி. அங்கே பொறுப்பில் இருக்கும் பிச்சுமணி சார் ஓய்வு பெற நான்கு மாதம் இருப்பவர். கொழுத்த ஒரு கோப்பை என் முன்னால் தள்ளி, "கடைசில இருந்து அஞ்சாவது பக்கத்துல வாங்குனதுக்குக் கையெழுத்துப் போடுங்கம்மா" என்றுவிட்டுப் பெட்டிகளை வண்டியில் ஏற்றுவதைப் பார்க்கப் போனார்.

நான் முன்னாலிருந்து புரட்டிவிட்டேன். ஏப்ரல் மாதக் கடிதங்கள் வந்தன. எங்களுக்கு வந்த சுற்றறிக்கையின் நகல் இருந்தது. அதற்கு முந்தின பக்கத்தில் ஒரு கடிதம். ஏப்ரல் இரண்டாம் தேதி. அதிகாரி ஒருவர் இன்னொரு அதிகாரிக்கு எழுதியது. மூன்று முறை வாசித்ததால் மனப்பாடமாகிவிட்டது.

"என்-95 முகக்கவச இருப்பு கொரோனா வார்டுகளுக்கே போதாத நிலையில், வரத்து சீராகும் வரை பிற வார்டுகளுக்கு மூன்றடுக்கு முகக்கவசம் போதுமானது எனச் சுற்றறிக்கை அனுப்பலாம். பற்றாக்குறை என்ற சொல்லைத் தவிர்க்கவும். பணியாளர்களிடையே தேவையற்ற பதற்றம் ஏற்படும். பிரசவ வார்டு, அவசரப் பிரிவு ஆகியவற்றில் ஆபத்து உள்ளது என வல்லுநர் குழு தெரிவித்த கருத்து தனிக் குறிப்பாகக் கோப்பில் வைக்கப்பட்டுள்ளது."

கோப்பில் வைக்கப்பட்டுள்ளது.

பிச்சுமணி சார் திரும்பி வந்தார். நான் எந்தப் பக்கத்தில் இருக்கிறேன் என்று பார்த்தார். "அது இல்லம்மா, பின்னால" என்று அவரே புரட்டிக் கொடுத்தார். கையெழுத்துப் போட்டேன். அவர் வண்டி வரைக்கும் கூட வந்து, "தண்ணி குடிச்சுட்டுப் போங்க, மொகம் வெளிறிப் போயிருக்கு" என்றார்.

அப்படியென்றால் அவர்களுக்கு ஏப்ரலிலேயே தெரியும். அறிவியல் திருந்தவில்லை. பெட்டிகள் வந்து சேர்ந்துவிட்டன, அவ்வளவுதான்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். கவசம் இல்லை, வரும்வரை சமாளியுங்கள் என்று ஒரு வரி. நாங்கள் என்ன ஓடியா போயிருப்போம்? குளுக்கோஸ் பாட்டில் தொங்கவிடக் கம்பி இல்லாதபோது ஜன்னலில் கயிறு கட்டித் தொங்கவிட்டவர்கள் நாங்கள். இல்லாததை வைத்து வேலை பார்ப்பது எங்களுக்குத் தெரியாதா. ஜன்னலையெல்லாம் திறந்து வைத்திருப்போம். ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு கவசம் போட்டிருப்போம். ஊரில் கேட்டிருப்போம். ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தியை வெளியே நிறுத்தியிருப்போம். ஆபத்து என்று தெரிந்துகொண்டு உள்ளே போயிருப்போம். போயிருப்போம் என்பதுதான் விஷயம். அந்த ஒன்றைக்கூட எங்களை நம்பிச் சொல்லவில்லை.

எங்களுக்குப் பதற்றம் வந்துவிடும் என்று பயந்தார்களாம்.

வடிவு கேட்ட அன்று பீரோவில் 64 இருந்தது. மூன்றடுக்கு போதாது என்று தெரிந்திருந்தால் ஒன்றை எடுத்துக் கொடுத்திருப்பேன். கொடுத்திருப்பேனா? கொடுத்திருப்பேன். அவள் கேட்டபோது என் கை சாவி மேலேதான் இருந்தது. போதுமானது என்று நான் நம்பியதால் எடுக்கவில்லை. கருமித்தனத்தால் இல்லை.

இதை யாரிடம் சொல்வது.

11 ஆகஸ்ட்

டாக்டர் குமரகுருபரன் கூப்பிட்டார். வடிவின் மரண ஆய்வு அறிக்கை மேலே போக வேண்டும். தொற்று எங்கிருந்து வந்தது என்ற கட்டத்தில் "குடும்பத் தொடர்பு" என்று நிரப்பியிருந்தது. கீழே என் கையெழுத்துக்கு இடம்.

"குடும்பத்துல யாருக்கும் இல்லையே சார். ரெண்டு பேருக்கும் டெஸ்ட் எடுத்தோமே."

"வீட்டுக்காரர் கண்டக்டர். ஆயிரம் பேரத் தொட்டு வாரவரு. அறிகுறி இல்லாம வந்து போயிருக்கலாம்."

"அந்தப் பிரசவம் பாத்த ரஹ்மத் நிஷாவுக்கும் வந்துச்சு சார். அவளுக்கும் கண்டக்டர் வீட்டுக்காரரா?"

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கண்ணுக்குக் கீழே கவசத்தின் தழும்பு. நான்கு மாதமாக அவரும் வீட்டுக்கு ஒழுங்காகப் போகவில்லை என்பது எனக்குத் தெரியும்.

"சிஸ்டர், இத நான் எழுதல. இப்படி எழுதுங்கன்னு வந்துச்சு. கொரோனா இல்லாத வார்டுல வேலை பாத்தவங்களுக்கு ஆஸ்பத்திரில தொற்று வந்ததா எழுதுனா, ஏன் என்-95 குடுக்கலன்னு அடுத்த கேள்வி வரும்."

"வரட்டுமே சார்."

"அது மேல போகாது. இங்கதான் வந்து நிக்கும். உங்ககிட்ட வந்து நிக்கும். பீரோ சாவி உங்ககிட்டதான இருந்துச்சு?"

மிரட்டலாகச் சொல்லவில்லை. அக்கறையாகத்தான் சொன்னார்.

நாளைக்குச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். துணி ஊற வைத்தேன். துவைக்கவில்லை.

12 ஆகஸ்ட்

கையெழுத்துப் போடவில்லை. அதற்குப் பதிலாகத் தனித்தாளில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். ஜூன் 9 அன்று சண்முகவடிவு என்னிடம் என்-95 கேட்டார். என் பொறுப்பில் 64 இருந்தன. சுற்றறிக்கையை நம்பி நான் கொடுக்கவில்லை. ஜூன் 13 அன்று குறைந்த ஆபத்து எனக் குறித்து அவரை வேலையைத் தொடர வைத்ததும் நான்தான். அந்தச் சுற்றறிக்கை பற்றாக்குறையை மறைக்க எழுதப்பட்டது என்பதற்கான கடிதம் மாவட்டக் கிட்டங்கிக் கோப்பில் உள்ளது.

டாக்டர் வாசித்துவிட்டு, "முதல் நாலு வரிய எடுத்துருங்க" என்றார்.

"அதுதான் சார் உண்மை. அத எடுத்துட்டு அஞ்சாவத மட்டும் சொன்னா, நானும் அவங்களும் ஒண்ணாயிருவோம்."

அப்படியே வாங்கிக்கொண்டார்.

3 செப்டம்பர்

துவரம்பருப்பு, புளி, சோப்பு. சாம்ராஜின் மூக்குக் கண்ணாடி ரிப்பேர்.

22 செப்டம்பர்

பதில் வந்துவிட்டது. எனக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை.

"மேற்படி சுற்றறிக்கை பொதுவான வழிகாட்டுதல் மட்டுமே. உள்ளூர்த் தேவைக்கேற்பப் பாதுகாப்புக் கவசங்களை வழங்கும் பொறுப்பு தங்களுடையது. போதிய இருப்பு இருந்தும், சக பணியாளர் நேரில் கோரியும், வழங்காமல் அலட்சியமாக இருந்ததற்கு ஏன் தங்கள்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்குப் பதினைந்து நாள்களுக்குள் விளக்கம் அளிக்கவும்."

கடிதத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. பிச்சுமணி சாருக்கு ஃபோன் செய்தேன். கோப்பு தணிக்கைக்குப் போயிருக்கிறதாம். திரும்பி வரவில்லையாம். குரலைத் தாழ்த்தி, "நீங்க பாத்தீங்கன்னு எனக்குத் தெரியும்மா. எம்பேரச் சொல்லிராதீங்க" என்றார். சொல்ல மாட்டேன் என்றேன்.

அந்த மூன்று பக்கத்தில் எங்கேயும் வழிகாட்டுதல் என்ற சொல் இல்லை. எனக்குத் தெரியும். நான்தானே வாசித்தேன்.

வடிவின் அறிக்கை என் கையெழுத்து இல்லாமலே போய்விட்டது. குடும்பத் தொடர்பு.

18 அக்டோபர்

ஆவுடையப்பன் வீட்டுக்குப் போனேன். குறிப்பாணையையும் நான் எழுதிக் கொடுத்த பக்கத்தின் நகலையும் கொண்டுபோனேன். அவர் வாசித்தார். உதடு அசைய, எழுத்துக் கூட்டி வாசிப்பவர் மாதிரி. அவருக்கு வாசிக்கத் தெரியும்.

"உங்ககிட்ட வந்து கேட்டாளா?"

"கேட்டா."

"வீட்ல சொல்லலயே."

உள்ளே பூரணி ஆன்லைன் வகுப்பில் இருந்தாள். யாரோ ஒரு டீச்சரின் குரல் விட்டு விட்டுக் கேட்டது.

"என்னால அவளுக்கு வந்துச்சுன்னு ரிப்போர்ட்ல இருக்குன்னு ஆஸ்பத்திரில ஒருத்தர் சொன்னாரு, சிஸ்டர். ரெண்டு மாசமா அதத்தான் நெனச்சுட்டு இருக்கேன். பஸ்ஸுல யாரு இருமுனா, யாருக்கு டிக்கெட் கிழிச்சேன்னு. ராத்திரி பகலா."

"உங்களால இல்ல. இதத்தான் சொல்ல வந்தேன்."

அவர் தாள்களை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். நானும் திருப்பிக் கேட்கவில்லை.

"சொன்னதுக்கு நல்லது. ஆனா கொஞ்ச நாளைக்கு இங்க வராதீங்க. உங்களப் பாத்தா பேசணும்னும் தோணுது, கையில கெடக்குறத எடுத்து எறியணும்னும் தோணுது. பிள்ள வேற வீட்ல இருக்கு."

வந்துவிட்டேன். இதைவிடக் கடுமையாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

25 நவம்பர்

மழை. வார்டு ஒழுகுகிறது. விளக்கம் கொடுத்து ஏழு வாரம். பதில் இல்லை. சாவி இன்னும் என்னிடம்தான்.

14 ஜனவரி 2021

பொங்கல். எங்களுக்கு இல்லை, ஆனாலும் பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. சாம்ராஜ் இரண்டு கிண்ணம் சாப்பிட்டார்.

தடுப்பூசி வந்துவிட்டது. முதலில் மருத்துவப் பணியாளர்களுக்கு. எங்கள் மருத்துவமனையில் நாற்பத்தொரு பேர். பெயர் கொடுத்தவர்கள் மூன்று பேர்.

டாக்டர் கூப்பிட்டு, "நீங்க ஒரு கூட்டம் போட்டுப் பேசுங்க சிஸ்டர். நீங்க சொன்னாத்தான் கேப்பாங்க" என்றார்.

"கேட்டாங்க சார். முன்னால."



19 ஜனவரி

நான்கு நாளாகத் தடுப்பூசி ஆய்வைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். ஆங்கிலம் புரியாத இடத்தில் சாம்ராஜ் உதவினார். சதவிகிதக் கணக்கை அவரே போட்டுக் காட்டினார். எனக்கு இது நல்லதென்றுதான் தெரிகிறது. இந்த முறை எனக்கே தெரிகிறது, தாளைப் பார்த்து இல்லை.

கூட்டத்தில் சுற்றறிக்கையை வாசிக்கவில்லை. மேசையில் வைத்துவிட்டு எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். எத்தனை ஆயிரம் பேருக்குப் போட்டுப் பார்த்தார்கள், எத்தனை பேருக்குக் காய்ச்சல் வந்தது, என்னென்ன இன்னும் தெரியாது. எத்தனை மாதம் பாதுகாக்கும் என்று தெரியாது என்றேன். தெரியாது என்ற சொல்லை வேண்டுமென்றே சத்தமாகச் சொன்னேன்.

ரஹ்மத் நிஷா எழுந்தாள். அவளுக்கு இன்னும் வாசனை முழுதாகத் திரும்பவில்லை. பாலும் மண்ணெண்ணெயும் ஒன்றாகத்தான் தெரிகிறதாம்.

"அக்கா, மாஸ்க்குக்கும் இங்கதான் நின்னு சொன்னீங்க."

"ஆமா."

"அப்பவும் நம்பித்தான சொன்னீங்க?"

"நம்பித்தான் சொன்னேன்."

"இப்பவும் நம்பித்தான் சொல்லுதீங்க. வித்தியாசம் எனக்கு எப்படித் தெரியும்?"

அதற்கும் தெரியாது என்றே சொன்னேன். "நான் நாளைக்கழிச்சு போட்டுக்கப் போறேன். அது மட்டும்தான் என்னால செய்ய முடிஞ்சது. நீங்க போடணும்னு சொல்ல எனக்கு வாய் வரல. ஆனா போட்டா நல்லதுன்னு நெனைக்கேன்."

யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொருவராகப் போனார்கள். சமையலறை முத்தம்மாள் மட்டும் வாசலில் நின்று, "எம்பேர எழுதிக்கோங்கம்மா, எனக்கு எழுவது வயசு மாமியா இருக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

21 ஜனவரி

முதல் ஊசி எனக்கு. இரண்டாவது டாக்டருக்கு. மூன்றாவது முத்தம்மாள். பதினொரு மணிக்குள் ஏழு பேர் ஆயிற்று. அதோடு நின்றுவிட்டது.

ஒரு குப்பி பத்துப் பேருக்கானது. காலை பத்து மணிக்குத் திறந்தோம்; நான்கு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். பெயர் கொடுக்காதவர்களையும் வார்டு வார்டாகப் போய்க் கூப்பிட்டேன். "பாப்போம் சிஸ்டர்", "வீட்ல கேட்டுச் சொல்லுதேன்", "இன்னைக்கு உபவாசம்". ஒருவரும் என் கண்ணைப் பார்க்கவில்லை.

ஒன்றரை மணிக்கு ரஹ்மத் நிஷா வந்தாள். எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவள் உட்காரவில்லை.

"காய்ச்சல் அடிக்கா அக்கா?"

"இன்னும் இல்ல. சாயங்காலம் அடிக்கலாம்."

"நான் ரெண்டு வாரம் பாக்கேன். உங்களுக்கு ஒண்ணும் ஆகலன்னா போட்டுக்கிடுதேன். கோவிச்சுக்காதீங்க."

"கோவம் இல்ல. நல்லாப் பாரு" என்றேன். "எதுனாலும் எங்கிட்ட கேளு. நான் சொல்றத வேற எடத்துலயும் கேட்டுச் சரிபாத்துக்கோ."

இரண்டு மணி ஆனது. மூன்று பேருக்கான மருந்து குப்பியில் அப்படியே இருந்தது. விதிப்படி அதை மருத்துவக் கழிவுப் பெட்டியில் நானே போட்டேன். வடிவு வார்டில் மட்டும் ஆறு பேர் போடாமல் இருக்கிறார்கள். அங்கே நாளைக்கும் பிரசவம் நடக்கும்.

பதிவேட்டில், வீணானதற்குக் காரணம் என்று ஒரு கட்டம். உடைந்தது, உறைந்தது, காலாவதி என்று ஏதாவது எழுதுவார்கள். நான் "நம்பவில்லை" என்று எழுதி டாக்டரிடம் கொண்டுபோனேன்.

வாசித்தார். மாற்றச் சொல்வார் என்று நின்றேன். பேனாவை எடுத்துக் கீழே கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டார்.